பிரியாணிக் கடையில் பாடம் படித்த செஸ் புரோகிராம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டும் என்று உங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. பேசி முடித்ததும் டீயும் வடையும் கொடுத்து, நடுவில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். எழுதினால், நடுவில் யார் கொட்டாவி விட்டார்கள் என்று எனக்குத் தெரியாமல் போகும்.

நீங்கள் எல்லாரும் தானாகக் கற்றுக்கொள்ளும் புரோகிராம்களை எழுத வந்தவர்கள். இப்போது அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. நான் எழுதிய காலத்தில் அதை ‘லேர்னிங்’ என்று மட்டும்தான் சொல்வோம். எப்படி எழுதினேன் என்று விளக்கப் போவதில்லை, அதில் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அது எங்களை ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் கொண்டுபோய் எப்படி நிறுத்தியது, அங்கே என்ன முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி ஜாஃபர். அவர் குடும்பம் தலைமுறையாகத் தோல் வியாபாரம். அத்தாவுக்குப் பிறகு மண்டியை அண்ணன் பார்த்துக்கொண்டார். படித்த தம்பி வந்து, செஸ் புரோகிராம் செய்து பள்ளிக்கூடங்களுக்கு விற்கப் போகிறேன் என்று சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மாடியில் அடுக்கியிருந்த உப்புத் தோலைக் கீழே இறக்கி இடம் கொடுத்தார். மழை நாளில் மட்டும் சுவர்கள் தங்கள் பழைய தொழிலை நினைத்துக்கொள்ளும். அன்றைக்கு ஊதுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு வேலை பார்ப்போம்.

இரண்டாவது ஆள் கோகிலா. தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண், மாநிலப் போட்டிகளில் ஆடியவள். தப்பான நகர்த்தல் ஒன்றைப் பார்த்தால் பல்வலி வந்தது மாதிரி அவள் முகம் போகும். எங்கள் புரோகிராமின் ஓப்பனிங் புக்கை அவள்தான் செய்தாள்.

மூன்றாவது ஆள் நான். அதுவரை பூட்டுக் கடைகளுக்கும் நத்தத்துப் புளி மண்டிகளுக்கும் பில் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். செஸ் எனக்குச் சுமாராகத்தான் வரும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான், காலையில் எழுந்ததும் அலுவலகத்துக்கு ஓட வேண்டும் போலிருக்கிற ஒரு வேலை எனக்குக் கிடைத்தது. அந்த வேலை லேர்னிங்.

செஸ் ஆடாதவர்களுக்காக இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஓப்பனிங் புக் என்பது புத்தகம் இல்லை. பெட்டியின் மேல் ‘சிறப்பான ஓப்பனிங் புக்குடன்’ என்று ஜாஃபர் அச்சடித்துவிட்டார். வாங்கியவர்கள் போன் செய்து, “பொட்டி வந்துருச்சு, புக்கு வரலையே” என்று கேட்டார்கள். கீரனூரிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கி அலுத்துப்போன கோகிலா, கடையில் ஒரு செஸ் புத்தகத்தை வாங்கி அவருக்குத் தபாலில் அனுப்பினாள். புக்கு அருமை என்று அவர் போன் செய்து பாராட்டினார். புரோகிராமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டத்தின் தொடக்கத்தில் புரோகிராம் யோசிப்பதில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் காலகாலமாக ஆடிவந்த நகர்த்தல்களை மனப்பாடமாக வைத்திருந்து ஒப்பிக்கும். அந்த மனப்பாடம்தான் புக். அதில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு மார்க் உண்டு. மார்க் அதிகமானதை அடிக்கடி ஆடும், குறைந்ததை அபூர்வமாக ஆடும். மனப்பாடம் தீர்ந்த பிறகுதான் சொந்தப் புத்தியால் யோசிக்கத் தொடங்கும். கோகிலா ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்த்துப் பார்த்து மார்க் போட்டாள்.

அவள் செய்த புக் சின்னதாக இருக்கிறது என்று ஜாஃபருக்கு வருத்தம். பெட்டியில் ‘லட்சக்கணக்கான நகர்த்தல்கள்’ என்று போட அவருக்கு ஆசை. எங்கெங்கோ பள்ளிப் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களையெல்லாம் வாங்கிவந்து, இதையும் உள்ளே கொட்டு என்றார்.

“சார், இது குப்பைங்க,” என்றாள் கோகிலா. “குதிரையை எடுத்து வெளிய வெக்கறான். அடுத்த நகர்த்தல்ல அதையே திரும்ப உள்ள கொண்டுபோய் வெக்கறான். இதையப் போய் எப்படிங்க புக்குல சேர்க்கறது?”

“குப்பையா இருந்தா என்னம்மா, அது பாட்டுக்கு ஓரமாக் கெடக்கட்டும்,” என்றார் ஜாஃபர்.

முதலாளி சொல்லிவிட்டதால் சேர்த்தாள். மார்க் மட்டும் போனால் போகிறது என்று ஒன்றே ஒன்று கொடுத்தாள். அது ஓரமாகக் கிடந்தது.

இந்த மார்க்குகளை ஏற்றி இறக்குவதுதான் லேர்னிங். ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் அந்த ஆட்டத்தில் ஒப்பித்த நகர்த்தல்களுக்கு மார்க் ஏறும். தோற்றால் இறங்கும். எப்போதாவது ஒரு தடவை, ஓரத்தில் கிடப்பதையும் எடுத்து ஆடிப் பார்க்கும். தெரியாததைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் எதையும் கற்க முடியாது அல்லவா? அந்த வரியை எழுதியதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. மொத்தம் இரண்டு வருஷம் எழுதினேன். வீட்டில் சமைக்கும்போதுகூட அதைப் பற்றித்தான் நினைப்பு. என் வீட்டுக்காரர் உப்பில்லாத சாம்பாரை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கீழே தோலுக்கு ஆர்டர் பெருகியது. ஒரு நாள் ஜாஃபரின் அண்ணன் படியேறி வந்தார். அவர் மேலே வருவதே அபூர்வம். எங்கள் மூன்று பேரையும், மூன்று கம்ப்யூட்டர்களையும் பார்த்தார்.

“தம்பி, கீழ எடம் பத்தலை,” என்றார். “இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு ஸ்கூலாவது கையெழுத்துப் போடட்டும், நான் வெளிய குடோன் பாத்துக்கிறேன். இல்லேன்னா தோலு மேல வந்துரும். நீ கீழ வந்துரு.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால் எங்களுக்கு அதிகமாகப் பயம் வந்தது. தோல் மேலே வந்தால் ஜாஃபர் மண்டிக் கல்லாவில் உட்கார வேண்டும். கோகிலா ஊருக்குப் போக வேண்டும், அங்கே செஸ்ஸுக்குச் சம்பளம் கொடுப்பவர் யாரும் இல்லை. எனக்குப் புளி மண்டி பில் காத்திருந்தது. லேர்னிங்கை யார் வாங்குவார்கள்? அது எங்கள் புரோகிராமோடு ஒட்டிக்கொண்டிருந்தது, தனியாகப் பிரித்தால் உயிர் இருக்காது.

நத்தம் சாலையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம், பல ஊர்களில் கிளைகள் உள்ளது. அதன் தாளாளர் புரோகிராமைப் பார்க்கச் சம்மதித்திருந்தார். எங்களுக்கு அது ஒன்றுதான் நம்பிக்கை. அதற்குள் புரோகிராம் நிறைய ஆடி, நிறையக் கற்றுத் தேற வேண்டும்.

“அக்கா, நம்ம மூணு பேரும் எம்புட்டு ஆட்டம் ஆட முடியும்?” என்றார் ஜாஃபர். “வேற வேற ஆளு வேணும். நம்ம ஊர்ல சும்மா உக்காந்திருக்கிற ஆளு எங்க கெடைப்பாக?”

திண்டுக்கல்லில் இந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. பிரியாணிக் கடை வாசலில். ஜாஃபருடைய மச்சான் ரஃபீக்குக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. மதியத்தில் உள்ளே எத்தனை பேர் சாப்பிடுவார்களோ அதே அளவு பேர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து வருபவர்களின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்காலிகளுக்கு முன்னால் சுவரில் இரண்டு தொடுதிரை டேப்களைப் பொருத்தினோம். காத்திருப்பவர் வெள்ளைக் காய், புரோகிராம் கறுப்புக் காய்.

எதிராளி சற்று நேரம் காயை நகர்த்தவில்லை என்றால் ஆட்டத்தைக் கைவிட்டார் என்று பொருள். கைவிட்டவர் தோற்றவர். உலகத்தில் எந்தப் போட்டியிலும் அதுதான் விதி, நானும் அப்படியே எழுதியிருந்தேன்.

வாரத்துக்கு வாரம் வெற்றிகள் கூடிக்கொண்டே போயின. முதலில் பாதிக்கு மேல் ஜெயித்தது. பிறகு முக்கால்வாசி. பிறகு தோற்பதே அபூர்வமாகிவிட்டது. ஜாஃபர் சந்தோஷத்தில் ரஃபீக் கடையிலிருந்தே எங்களுக்குப் பொட்டலம் வாங்கிவந்தார். ரஃபீக்கும் கூடவே வந்திருந்தார்.

“மச்சான், இந்தப் பொட்டிய எடுத்துராதீக,” என்றார். “முன்னெல்லாம் செத்த நேரம் லேட்டானா எதிர்க்கடைக்கு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க. இப்ப ஒருத்தன் அசைய மாட்டேங்கிறான்.”

கோகிலா மட்டும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க அக்கா, இத்தனை ஜெயிக்குமுங்களா? நானே உக்காந்து ஆடுனாலும் இத்தனை ஜெயிக்க மாட்டனுங்க.”

“கத்துக்குதுல்ல,” என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு புரோகிராம் எதிர்பார்த்ததைவிட மோசமாக வேலை செய்தால் எல்லாரும் அதன் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தால் பிரியாணி சாப்பிடுவார்கள். நாங்கள் சாப்பிட்டோம். கறி நன்றாக வெந்திருந்தது.

பள்ளிக்குப் போகும் நாள் வந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் கோகிலாவின் புக் அப்படியே இருந்தது. ஆனால் ஜாஃபர், “அனுபவம் உள்ளதைக் கொண்டுபோவோம்” என்று கடையிலிருந்த பிரதியை எல்லா டேப்களிலும் ஏற்றிவிட்டார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது எல்லாரும் பார்ப்பது அதைத்தானே.

பள்ளி நூலகத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு டேப். நடுமேசையில் தாளாளர். வயதான அம்மா, நிமிர்ந்த முதுகு, கல்லூரி நாளில் செஸ் ஆடியவராம். அவரே ஆடிப் பார்க்கிறேன் என்றார். எங்களுக்கு மகிழ்ச்சி. ஆடத் தெரிந்தவருக்குத்தான் நம் சரக்கின் தரம் தெரியும் என்று நினைத்தோம்.

அவர் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். புரோகிராம் குதிரையை வெளியே எடுத்தது. அவர் இன்னொரு சிப்பாயை முன்னால் வைத்தார். புரோகிராம் அந்தக் குதிரையைத் திரும்பவும் பழைய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் தன் குதிரையை எடுத்தார். புரோகிராம் மறுபக்கத்துக் குதிரையை வெளியே எடுத்தது. அடுத்து அதையும் உள்ளே வைத்தது. பிறகு ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தியது. பிறகு மறு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம். பிறகு முதல் குதிரையை மறுபடியும் வெளியே எடுத்தது.

வகுப்பில் சிரிப்பு தொடங்கியது. எல்லா டேப்பிலும் இதேதான். “மிஸ், போன குதிரை திரும்பி வருது மிஸ்!” என்று நாலு பக்கமும் குரல். நான் கோகிலாவைப் பார்த்தேன். பல்வலி முகம். ஜாஃபரைப் பார்த்தேன். அவர் நூலகத்தின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புக் தீர்ந்தது. புரோகிராம் சொந்தப் புத்திக்கு வந்தது. அதன் சொந்தப் புத்தி ஒன்றும் மோசமில்லை. அசந்த இடத்தில் தாளாளரின் மந்திரியை வெட்டியது, பிறகு ஒரு யானையை வெட்டியது. அவர் பலகையை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுத் தன் ராஜாவைத் தொட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

“ஜெயிச்சிருச்சே,” என்றார். “ஆனா முதல்ல அது என்ன பண்ணுச்சு?”

ஜாஃபர் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு மூச்சு விட்டுக்கொண்டு ஆரம்பித்தார். “அதுதான் மேடம் ஏஐ. எதிராளியோட பொறுமையைச் சோதிச்சுப் பாக்குது. மனுச மூளைக்குச் சட்டுனு எட்டாது. ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடி அதுவாக் கண்டுபுடிச்ச வழி மேடம்.”

“அப்படியா?” தாளாளர் முகத்தில் மரியாதை வந்துவிட்டது. அவர் தோற்றிருந்தார். எட்டாத ஒன்றிடம் தோற்றதாக நினைப்பது யாருக்கும் ஆறுதல்தான். “அப்ப பிள்ளைங்களும் இதையே பழகலாமா?”

“தாராளமாப் பழகலாம் மேடம்.”

ஒப்பந்தத் தாள் மேசையில்தான் இருந்தது. தாளாளர் பேனாவைத் தேடி எடுத்தார். என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். போட்டுவிடுங்கள் தாயே, வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துகொள்கிறேன் என்றுதான் ஓடியது.

“வேண்டாமுங்க மேடம்,” என்றாள் கோகிலா.

ஜாஃபர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். “கோகிலா, நீ செத்த சும்மா இரும்மா.”

“இல்லீங்க சார். பிள்ளைங்க பழகிருவாங்க.” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “மேடம், இது நான் செஞ்ச புக்கு இல்லீங்க. இப்படி ஆரம்பிச்சா போட்டியில எந்தப் புள்ளையும் பத்து நகர்த்தல் தாண்டாதுங்க. இதைய ஆரும் கத்துக்கக் கூடாதுங்க.”

“அப்ப இதுக்கு யாரு கத்துக்குடுத்தது?” என்றார் தாளாளர்.

கோகிலா என்னைப் பார்த்தாள். ஜாஃபரும் பார்த்தார். ஜெயித்தால் மார்க் ஏறும், தோற்றால் இறங்கும். அந்தக் குதிரை விளையாட்டு எப்படி ஜெயித்திருக்க முடியும்?

அப்போது மணி அடித்தது. இடைவேளை மணி. பிள்ளைகள் போட்டது போட்டபடி எழுந்தார்கள். ஒருத்தன் விரலால் இழுத்துக்கொண்டிருந்த ராணியைப் பாதிக் கட்டத்தில் விட்டுவிட்டு ஓடினான். அரை நிமிஷத்தில் நூலகம் காலி. காலி நாற்காலிகளுக்கு முன்னால் டேப்கள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வரத் தொடங்கியது. ‘எதிராளி ஆட்டத்தைக் கைவிட்டார். நான் வென்றேன்.’ பக்கத்து டேப்பில், ‘நான் வென்றேன்.’ அடுத்ததில், ‘நான் வென்றேன்.’ அறை முழுக்க வென்றுகொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ரஃபீக் கடை வாசலில், “நாலு பேரு உள்ள வாங்க!” என்று குரல் வந்தால் திண்டுக்கல்லில் எவனாவது ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்பானா? கோகிலாவின் புக்கை ஒப்பித்தபோது காய்கள் சட்டென்று மோதிக்கொண்டன. ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. சில நேரம் ஜெயித்தது, நல்ல ஆட்டக்காரர் வந்தால் தோற்றது. ஒரு நாள் ஓரத்தில் கிடந்த குப்பையைத் தொட்டுப் பார்த்தது. குதிரையை வெளியே, குதிரையை உள்ளே. ஒன்றும் நடக்காது, ஆட்டம் நீளும், அதற்குள் பிரியாணிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். எதிராளி ஓடிவிடுவார். வெற்றி. திரும்பவும் அதையே ஆடியது. திரும்பவும் வெற்றி. உட்கார்ந்து பொழுதை ஓட்டினால் போதும், உலகம் தானாகத் தோற்கும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. இருந்த இடத்துக்கு அது கற்றுக்கொண்டது தப்பே இல்லை.

தாளாளரிடம் சொன்னேன். பிரியாணிக் கடை, நாற்காலி, கூப்பிடும் குரல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாஃபர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பிரியாணிக்கா?” என்றார் தாளாளர்.

“ஆமா மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். பேனாவுக்கு மூடி போட்டார். “லேர்னிங் எழுதினது நீங்கதானே? இதைச் சரிபண்ண முடியுமா?”

“முடியும் மேடம். பாதியில எந்திரிச்சுப் போன ஆட்டத்தைக் கணக்குல சேர்க்காதேன்னு சொல்லணும். ஒரு வாரம் குடுங்க.”

“சரி, பண்ணிட்டீங்க. அப்புறம் எங்க பிள்ளைங்ககிட்ட இருந்து அது எதைக் கத்துக்கும்? உங்களால சொல்ல முடியுமா?”

இளையவர்களே, நான் இத்தனை நேரம் எழுதியது இந்தக் கேள்விக்காகத்தான். உங்களையும் ஒரு நாள் யாராவது இதைக் கேட்பார்கள். அநேகமாகக் கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்துக் கேட்பார்கள்.

நான் காலி நாற்காலிகளைப் பார்த்தேன். மணியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எழுதிவிடலாம். விளையாட்டு பீரியடுக்குச் சீக்கிரம் ஓடுவதற்காக வேண்டுமென்றே தோற்கிற பிள்ளையை என்ன செய்வேன்? ஒரு டேப்பைச் சுற்றி நாலு தலை கூடி ஆடினால்? மிஸ் பார்க்கும்போது ஒரு மாதிரியும் பார்க்காதபோது வேறு மாதிரியும் ஆடினால்? பிரியாணிக் கடையில் நான் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. இங்கேயும் ஏதோ ஒன்று இருக்கும். அது என்னவென்று நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் புரோகிராம் கண்டுபிடித்துவிடும்.

ஜாஃபர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மிரட்டும் பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வை. ‘முடியும்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். தாளாளர் நம்பிவிடுவார், அந்தப் பேனா மறுபடியும் திறக்கும். தோல் கீழேயே இருக்கும், லேர்னிங்கும் இருக்கும். ஜாஃபரை எனக்குப் பிடிக்கும். அந்த வயதில் ஒரு பெண்ணை நம்பி இரண்டு வருஷம் சம்பளம் கொடுத்து, இஷ்டத்துக்கு எழுதுங்கக்கா என்று விட்ட முதலாளி அவர் ஒருவர்தான்.

“முடியாது மேடம்,” என்றேன்.

ஜாஃபர் பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில், பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில், உட்கார்ந்துவிட்டார்.

தாளாளர் ஒப்பந்தத் தாளைப் புரட்டினார், மூடினார், மறுபடியும் திறந்தார். “இந்தப் பொண்ணு செஞ்ச புக்கு மட்டும் இருந்தா, நல்லா ஆடுமா?”

“நல்லா ஆடுமுங்க,” என்றாள் கோகிலா. “குப்பைய எடுத்துட்டம்னா அருமையா ஆடுமுங்க.”

“அப்ப லேர்னிங்கை நிறுத்திட்டுக் குடுங்க. இங்கயே நிறுத்திக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன். எங்க ஸ்கூலுக்குள்ள வரணும்னா அது எதையும் கத்துக்கக் கூடாது.”

தான் சொன்னது என்னவென்று தாளாளர் கவனிக்கவில்லை. சுவரில் கல்வியின் பெருமை பற்றி ஏதோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எங்களில் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

ஜாஃபர் துள்ளி எழுந்தார். “இப்பவே மேடம், இந்தா இப்பவே!” அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், உடனே குரலைத் தணித்தார். “கோகிலா, நீயே பண்ணிரும்மா. அக்கா அங்கிட்டு உக்காரட்டும்.”

“இல்ல ஜாஃபர், நானே பண்றேன்,” என்றேன்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. முதலில், பென்டிரைவில் கையோடு கொண்டுவந்திருந்த அலுவலகத்துப் பிரதியை நடுமேசை டேப்பில் ஏற்றி, ஜாஃபர் முன்பு வாங்கிவந்த பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களைக் கோகிலா நீக்கினாள். அதற்கு அவள் முன்பே ஒரு வழி செய்து வைத்திருந்தாள், இந்த நாளுக்காகவே காத்திருந்தவள் மாதிரி. பிறகு என் பங்கு. லேர்னிங்குக்கு நேராக ஒன்று என்று இருக்கும். அதைச் சைபர் ஆக்க வேண்டும்; ஆக்கினால் மார்க் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது, எப்போதும் மார்க் அதிகமானதையே ஆடும். எத்தனை பெரிய பகுதியாக இருந்தாலும் ஒரே எண்ணால் நிறுத்தும்படி எழுதி வைப்பதுதான் நல்ல முறை. உங்களுக்கும் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் முறையாகத்தான் எழுதியிருந்தேன்.

சைபர் போட்டேன். எனக்குத் துக்கமாக இருந்தது. வேறு சொல் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவர் போய்விட்டால் வருகிற துக்கத்தைவிடக் குறைவு, வேலை போனால் வருகிற துக்கத்தைவிட அதிகம்.

நின்றுவிட்டதா என்று சோதித்துக் காட்ட வேண்டும் அல்லவா? கோகிலா உட்கார்ந்தாள். சிப்பாயை நகர்த்தினாள். புரோகிராம் அவளுடைய புக்கை அழகாக ஒப்பித்தது, குதிரை வெளியே போய் வெளியேயே நின்றது. பிள்ளைகளுக்கான மட்டத்தில் வைத்திருந்ததால் சற்று நேரத்தில் அவள் ஜெயித்துவிட்டாள்.

“இப்ப அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடு,” என்றேன். “ஒண்ணையும் மாத்தாத.”

லேர்னிங் உயிரோடு இருந்தால் இந்தத் தடவை வேறு வழியில் போகும். எது நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. கோகிலா சிப்பாயை நகர்த்தினாள். புரோகிராம் அதே பதிலைச் சொன்னது. அடுத்ததும் அதே, அதற்கடுத்ததும் அதே. சற்று முன் தோற்ற வழியிலேயே நேராக நடந்துபோய், சற்று முன் தோற்ற அதே கட்டத்தில் தோற்றது.

“நின்னுருச்சுங்க அக்கா,” என்றாள் கோகிலா மெதுவாக.

தாளாளர் என்னைப் பார்த்தார்.

“சரியா வேலை செய்யுது மேடம்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.